வெள்ளி மோதிரம் ஏன் கறுத்தது?

தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டப்புறச் சிறுநகரம் ஒன்றிலிருந்து மருத்துவனான எனக்கு ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஆளும் ஆலையும் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருடைய கணவருக்கு 41 வயது. செம்பனை (பாமாயில்) ஆலையில் காண்ட்ராக்டரின் ஆளாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறார். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மதியம், ஆலையின் கழிவுநீர் போகும் சேற்றுக் குழியில் பம்ப் அடைத்துக்கொண்டது. வங்காளதேசத்துப் பையன் ஒருவன் ஏணி வழியாக இறங்கியவன், அடியைத் தொட்டதும் சுருண்டு விழுந்தான். இவர் கணவர் ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு, இடுப்பில் கயிற்றோடு இறங்கினார். "முதலில் அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. கேஸ் போய்விட்டது என்று நினைத்தேன்" என்று பிறகு சொன்னாராம். பையனைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பிவிட்டு ஏறும்போது அவரும் ஏணியிலிருந்து விழுந்தார். மேலே இருந்தவர்கள் கயிற்றைப் பிடித்து இழுத்து எடுத்தார்கள். சில நிமிடம் நினைவில்லை. தெளிந்தும் தெளியாமலும் இருந்தவருக்குப் பால் கொடுத்திருக்கிறார்கள். தோட்டத்து மருத்துவ உதவியாளரான எச்.ஏ. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லியும், சூப்பர்வைசர் டவுனில் உள்ள ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினார். விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிஜன் அளவு 98. பனடோலும் இரண்டு நாள் எம்சியும் (மருத்துவ விடுப்புச் சான்று) கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இப்போது ஓயாத தலைவலி. சாவியை வைத்த இடம் மறக்கிறது, நடையில் தடுமாற்றம், தொட்டதற்கெல்லாம் கோபம். விரலில் கிடந்த வெள்ளி மோதிரம் அன்று மாலையே கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. மாமியார் அதைப் பார்த்துவிட்டு யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்கிறார். சூப்பர்வைசரோ, "பெர்மிட் (எழுத்து அனுமதி) இல்லாமல் தானாகக் குழியில் இறங்கியவருக்கு சொக்சோ (தொழிலாளர் விபத்துக் காப்புறுதி) கிடைக்காது, ரிப்போர்ட் செய்தால் வேலையும் போகும்" என்று சொல்லி 500 ரிங்கிட்டும் கையெழுத்துக்கு ஒரு தாளும் கொடுத்திருக்கிறார். கையெழுத்து இன்னும் போடவில்லை. பையன் ஐசியூவில் இருக்கிறான். கணவர் திங்கட்கிழமை வேலைக்குப் போகலாமா, 17 வயது மகனை விடுமுறையில் அதே ஆலைக்கு வேலைக்கு அனுப்பலாமா, இப்படி நடந்தால் என்னதான் செய்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்.

சகோதரி, உங்கள் கேள்விகளின் வரிசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். சொக்சோ ஒரு வாரம் காத்திருக்கும், உங்கள் கணவரின் தலை காத்திருக்காது. கடிதம் கைக்கு வந்த அன்றே உங்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்பினேன். அதே நிலையில் உள்ள மற்றவர்களுக்காக இங்கே திரும்பவும் எழுதுகிறேன்.

இன்றே அவசரப் பிரிவுக்கு

எல்லாரும் வாயுவைப் பற்றியே பேசுகிறீர்கள். அவர் ஏணியிலிருந்து விழுந்தார் என்பதையும், நினைவில்லாத உடம்பைக் குழியின் சுவரில் உரச இழுத்தெடுத்தார்கள் என்பதையும் கடிதத்தின் நடுவே ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த வரிதான். தலையில் அடிபட்டு மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே மெல்ல மெல்ல இரத்தம் கசிந்தால், இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தலைவலி, மறதி, தடுமாற்றம், குணமாற்றம் என்று வெளியே தெரியும். வெளியில் காயமே இல்லாமலும் இருக்கலாம். இது இருக்கிறதா இல்லையா என்பதை ஒரு சிடி ஸ்கேன் காட்டிவிடும். இருந்தால் அறுவை சிகிச்சையால் சரிசெய்யக்கூடியது. அதனால் வேறு எதையும் யோசிப்பதற்கு முன் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அவரை வண்டியோட்ட விடாதீர்கள். போகும் முன்பே வாந்தி, வலிப்பு, ஒரு பக்கம் கை கால் சோர்வு, எழுப்பினாலும் தூங்கித் தூங்கி விழுவது என ஏதாவது கண்டால் 999-ஐக் கூப்பிடுங்கள்.

அங்கே கவுன்டரில் "தலைவலி" என்று மட்டும் சொன்னால் அவசரமில்லாதவர்களுக்கான பச்சைப் பகுதியில் மணிக்கணக்கில் உட்கார வேண்டி வரலாம். இப்படிச் சொல்லுங்கள்: "மில் கழிவுக் குழியில் கேஸ் தாக்கி மயங்கினார், ஏணியிலிருந்து விழுந்தார், இரண்டு வாரமாகத் தலைவலியும் தடுமாற்றமும்." இந்த ஒரு வாக்கியத்தை மலாயில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டாலும் நல்லது.

ஸ்கேன் சரியாக இருந்தால், அடுத்த சந்தேகம் வாயு மூளையை நேரடியாகத் தாக்கியது. வாயு தாக்கி நினைவிழந்து பிழைத்தவர்கள் சிலருக்கு ஞாபகம், உடல் சமநிலை, தூக்கம், மனநிலை எல்லாம் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் பாதிக்கப்படுவதுண்டு. பலர் படிப்படியாகத் தேறுகிறார்கள். சிலருக்குக் குறை தங்கிவிடுகிறது. மாத்திரை ஒன்றால் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஓய்வு, தொடர் பரிசோதனை, தேவைப்பட்டால் நரம்பியல் மருத்துவரும் பிசியோதெரப்பியும். அவர் எரிந்து விழுவதை உங்கள்மேல் உள்ள வெறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூளையின் காயமும் அதிர்ச்சியும் சேர்ந்து அப்படிப் பேசவைக்கலாம். வாழ்வே வேண்டாம் என்பது போல் பேசினால் மட்டும் அதை அதிர்ச்சி என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அன்றே சொல்லுங்கள்.

மோதிரமும் வாடையும்

உங்கள் மாமியாரிடம் கோபப்படாதீர்கள். மோதிரம் கறுத்ததைக் கவனித்ததே அவர்தானே! அந்தக் குழியில் என்ன இருந்தது என்பதற்கு உங்கள் வீட்டில் உள்ள ஒரே தடயம் அது. கழிவுச் சேறு காற்றில்லாமல் புளித்துக் கிடக்கும்போது மீத்தேன், கார்பன் டை ஆக்சைடோடு ஹைட்ரஜன் சல்ஃபைடும் உண்டாகிறது. சேற்றைக் கிளறும்போது அது ஒரே மூச்சாகக் கிளம்பும். வெள்ளியில் பட்டால் வெள்ளி சல்ஃபைடாக மாறிக் கறுத்துவிடும். இப்படித் தாக்குண்டவர்களின் பையில் கிடக்கும் சில்லறைக் காசு கறுத்திருப்பதை அவசரப் பிரிவு மருத்துவர்கள் ஒரு குறிப்பாகவே எடுத்துக்கொள்வார்கள். வியர்வையிலும் வெள்ளி மெல்லக் கறுக்கும் என்பதால் இதை முடிந்த முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே மதியத்தில் கறுத்ததென்றால் எனக்குச் சந்தேகம் அதிகமில்லை. புளி போட்டுத் தேய்த்துவிடாமல், படமெடுத்து, உறையில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

உங்கள் கணவரை ஏமாற்றியது வாடைதான். இந்த வாயு காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மூக்குக்குத் தெரியும். மில்லுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அது பழகிய நாற்றம். அதனால் யாரும் பயப்படுவதில்லை. பத்து லட்சத்தில் 100 பங்கைத் தொட்டால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. 500-ஐத் தாண்டினால் ஐந்து நிமிடத்தில் ஆள் சாய்வார். 700-க்கும் 1000-க்கும் இடையே ஓரிரு மூச்சிலேயே நினைவு போகும். அந்தப் பையனுக்கு நடந்தது இதுதான். நாற்றம் நின்றதும் உங்கள் கணவர் கேஸ் போய்விட்டது என்று நினைத்தார். நின்றது அவருடைய மூக்கு. வாயு முன்னைவிடக் கூடியிருந்தது. காற்றைவிடக் கனமானது என்பதால் குழியின் அடியில்தான் அது படுத்துக்கிடக்கும்.

ஈரத் துண்டு தூசியைத் தடுக்கும், இதைத் தடுக்காது. கோவிட் காலத்து மாஸ்க்கும் தடுக்காது. அந்த 98 என்ற எண்ணும் எதையும் நிரூபிக்கவில்லை. இந்த வாயு இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறுவதைத் தடுப்பதைவிட, ஏறிய ஆக்சிஜனை உடம்பின் செல்கள் பயன்படுத்த முடியாமல் செய்வதுதான் அதிகம். விரலில் மாட்டும் கருவிக்கு அது தெரியாது. கார்பன் மோனாக்சைடு விஷயத்தில் இன்னும் மோசம்: அந்த வாயு ஏறிய இரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய இரத்தம் என்றே அந்தக் கருவி படிக்கும். வெள்ள நேரத்தில் வீட்டுக்குள் ஜெனரேட்டர் ஓட்டியவர்களும், இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுக் காருக்குள் தூங்கியவர்களும் தலைவலி, குமட்டலோடு வந்தால் விரல் எண்ணைப் பார்த்துத் திருப்பியனுப்பக் கூடாது. இரத்தப் பரிசோதனையும் முழு ஆக்சிஜனும் வேண்டும். சாதாரணக் காற்றில் அந்த விஷம் பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும், முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் போதும்.

குழிக்குமேல் நின்றவர்கள் செய்திருக்க வேண்டியது

முதல் ஆள் விழுந்ததும் யாரும் இறங்கக் கூடாது. இதைச் சொல்வது சுலபம், கண்ணெதிரே ஒருவன் துடிக்கும்போது நிற்பது சுலபமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லியாக வேண்டும். இத்தகைய அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1980-களில் கணக்கெடுத்துச் சொன்னது. உங்கள் கணவர் பிழைத்ததற்குக் காரணம் துண்டு இல்லை, இடுப்பில் கட்டிய கயிறு. அந்தக் கயிற்றை முதலில் இறங்கிய பையன் கட்டியிருந்தால் இரண்டாவது ஆள் இறங்கவே வேண்டியிருக்காது.

செய்ய வேண்டியது: 999-ஐக் கூப்பிட்டு, "ஆள் மயக்கம்" என்று மட்டும் சொல்லாமல் "குழிக்குள் கேஸ், உள்ளே ஆள் இருக்கிறார்" என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் ஆம்புலன்சோடு மூச்சுக் கருவி வைத்திருக்கும் தீயணைப்புப் படையான பொம்பாவும் வரும். காத்திருக்கும் நேரத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாகக் குழியை விட்டு நகர்ந்து, மற்றவர்களையும் விலக்க வேண்டும். மீத்தேனும் இருக்கும் என்பதால் சிகரெட், லைட்டர், வெல்டிங் எதுவும் அருகில் கூடாது. சாதாரண ஃபேனை வைத்து ஊதலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதன் தீப்பொறியே போதும் வெடிப்பதற்கு.

வெளியே எடுத்த ஆளைத் திறந்தவெளியில், குழியிலிருந்து தள்ளிப் படுக்கவைக்க வேண்டும். உயரத்திலிருந்து விழுந்தவர் என்றால் கழுத்தை முறுக்காமல் தூக்க வேண்டும். மூச்சு இருந்தால் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, இடத்தில் ஆக்சிஜன் இருந்தால் உடனே கொடுக்கலாம். மூச்சில்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம், ஊதுபவருக்கும் ஆபத்து. முகமூடியோடு கையால் அழுத்தும் மூச்சுப்பை இருந்து, பழகியவரும் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். சேறு தோய்ந்த உடையைக் கழற்றி, உடம்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, கண் எரிந்தால் பதினைந்து நிமிடமாவது ஓடும் நீரில் காட்ட வேண்டும்.

பால் வேண்டவே வேண்டாம். மூச்சில் போன விஷத்தை வயிற்றில் ஊற்றும் பால் எப்படி எடுக்கும்? அரை மயக்கத்தில் இருப்பவருக்கு எது கொடுத்தாலும் நுரையீரலுக்குள் இறங்க வாய்ப்பிருக்கிறது. இளநீர், புளித்தண்ணீர், மூக்கருகே தைலம் எல்லாமே இதே கணக்குத்தான்.

தெளிந்துவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பியதும் தவறு. எச்.ஏ. சரியாகவே சொன்னார், அவர் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு தாக்கியவர்களுக்கு நுரையீரலில் நீர் கோப்பது 72 மணி நேரம்வரை தாமதித்தும் வரலாம். அந்தக் கண்டத்தை உங்கள் கணவர் தாண்டிவிட்டார். குளோரினுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் குளோராக்ஸ் ப்ளீச்சையும் ஒன்றாக ஊற்றி, கிளம்பும் குளோரினால் இருமிக்கொண்டு வருபவர்களை நம் ஊர்களில் பார்க்காத அவசரப் பிரிவு இல்லை. பால்மரத் தோட்டத்தில் ரப்பர் பால் கெடாமலிருக்க ஊற்றும் அம்மோனியா வேறு ரகம். அது கண்ணையும் தொண்டையையும் உடனே எரித்து ஆளை விரட்டிவிடும். கண்ணைக் கழுவுவதில்தான் அங்கே அவசரம்.

எந்த வாயு என்று தெரியாமல் மருத்துவர் குழம்பினால், பினாங்கில் யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தைக் கேட்கலாம். மருத்துவர்களுக்கும் பொதுமக்களுக்கும் அவர்கள் ஆலோசனை சொல்கிறார்கள்.

சூப்பர்வைசர் சொன்னது

நான் மருத்துவன், வக்கீல் இல்லை. ஆனாலும் விபத்துக்காரர்களுக்குப் பாரம் (படிவம்) எழுதியே பழகியவன் என்ற முறையில் சிலவற்றை உறுதியாகச் சொல்ல முடியும். 1969-ஆம் ஆண்டு சொக்சோ சட்டத்தில், வேலையிடத்தில் அவசர நேரத்தில் இன்னொருவரைக் காப்பாற்றப் போய் அடிபடுவதும் வேலை விபத்தாகவே கருதப்படுகிறது. உங்கள் கணவர் செய்தது அதைத்தான். யார்மேல் தப்பு என்று பார்த்துக் கொடுக்கும் உதவியும் அல்ல இது. "பெர்மிட் இல்லாமல் இறங்கினார்" என்பதை வைத்து அவரை மிரட்டத் தேவையில்லை. பெர்மிட், முன்கூட்டியே காற்றைச் சோதிப்பது, மேலே ஒரு காவலாள் நிறுத்துவது எல்லாம் 2010-ஆம் ஆண்டின் அடைபட்ட இட நடைமுறை விதிகளில் நிர்வாகத்தின்மேல் சுமத்தப்பட்டவை. அதை ஏன் செய்யவில்லை என்று கேட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள்.

விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கவில்லை என்றால் நீங்களே அருகிலுள்ள கிளைக்குப் போகலாம். காண்ட்ராக்டர் சந்தா கட்டாமல் இருந்தால் அது அவர் குற்றம். அதைக் காட்டி உங்களை வாசலில் நிறுத்த முடியாது. தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலத்துக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 80 சதவீதம் கிடைக்கும். ஆனால் குறைந்தது நான்கு நாள் எம்சி வேண்டும். உங்களிடம் இருப்பது இரண்டு நாள் எம்சி. அந்தக் கிளினிக்கில் வேண்டுமென்றே குறைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மருத்துவமனையில் முறையான பரிசோதனையும் எம்சியும் வாங்குவது பணத்துக்கும் அவசியம் என்பது இப்போது புரிந்திருக்கும். வேலையிடத்து நச்சுத் தாக்கம் என்று சந்தேகப்படும் மருத்துவர், ஏழு நாளுக்குள் வேலையிடப் பாதுகாப்பு இலாகாவான ஜேகேகேபிக்கு எழுத வேண்டும் என்பதும் விதி. அதற்குத்தான் "கேஸ்" என்ற சொல்லை விடாமல் சொல்லச் சொன்னேன்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். 500 ரிங்கிட்டை வாங்கியதில் தவறில்லை; எந்தத் தேதியில் யார் கொடுத்தார் என்று எழுதி வையுங்கள். குழியின் படம், கூட இருந்தவர்களின் பெயர், வாட்ஸ்அப்பில் வந்த செய்திகள் எதையும் அழிக்க வேண்டாம். பாதுகாப்புக் குறையைப் புகார் செய்ததற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்குவதையோ தண்டிப்பதையோ 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது. சட்டம் அப்படிச் சொன்னாலும், காண்ட்ராக்டர் அடுத்த மாதம் "வேலை இல்லை" என்று சொல்லி ஒதுக்கக்கூடும் என்ற உங்கள் பயம் பொய்யில்லை. இருந்தாலும் 500 ரிங்கிட்டுக்கும், நினைவாற்றல் குறைந்த ஒருவரின் மீதி உழைப்புக் காலத்துக்கும் எது பெரிது என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். மிரட்டல் வந்தால் அரசாங்கச் சட்ட உதவி இலாகாவான ஜபாத்தான் பந்துவான் குவாமானை அணுகுங்கள்.

ஐசியூவில் இருக்கும் அந்தப் பையனையும் மறக்க வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் முறையான வேலை பெர்மிட்டில் உள்ள வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சொக்சோவின் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. அவனுக்காகப் பேச இங்கே யாரும் இல்லாமலிருக்கலாம். உங்கள் பாரத்தைக் கொடுக்கும்போது அவன் பெயரையும் சொல்லிவிட்டு வாருங்கள்.

உங்கள் கணவர் திங்கட்கிழமை வேலைக்குப் போகக் கூடாது. ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும், தடுமாற்றம் நிற்கும்வரை ஏணி, உயரம், ஓடும் இயந்திரம், மோட்டார் சைக்கிள் எதுவும் வேண்டாம். திரும்பும் தேதியை மருத்துவர் எழுதித் தரட்டும்.

மகனை அலுவலக வேலைக்கோ லாரிகளை நிறுக்கும் எடைப் பாலத்துக்கோ அனுப்புவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. குழி, தொட்டி, கழிவுக் குளத்துப் பக்கம் அனுப்பினால், நாலு வாயுவையும் (ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு) காட்டும் கருவியை இறக்கி மேலே, நடுவே, அடியில் என மூன்று இடத்திலும் பார்த்தார்களா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். அப்படி ஒரு கருவியே ஆலையில் இல்லை என்று பதில் வந்தால் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடட்டும்.